கனமும் அளவுகோலும்: பட்டதாரிகளின் வாழ்நாட்பணியைப் பாராட்டுதல்

பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம்மிடம் பயின்று வெளிச்சென்றவர்களுள் சிலரை, அவர்கள் முதிர்ந்த வயதை எட்டிய பின்னர் திரும்ப அழைத்து, அவர்களது வாழ்நாட்பணிக்காக விருது வழங்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பட்டமளிப்பு விழாவிலோ, நிறுவனர் நாளிலோ, முன்னாள் மாணவர் கூடுகையிலோ இது நிகழும். பாராட்டுரை வாசிக்கப்படும், பதக்கமோ கேடயமோ கொடுக்கப்படும், பொன்னாடை போர்த்தப்படும். நமது திருச்சபைக் கல்லூரிகளும் இறையியற் கல்லூரிகளுங்கூடத் தங்கள் வெள்ளிவிழா, பொன்விழா, நூற்றாண்டு விழாக்களில் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றன. ஆயினும், இச்செயலின் பொருள் யாது, இது எந்த அளவுகோலின்படி செய்யப்படுகிறது, செய்தபின் செய்தவர்மீது என்ன பொறுப்பு விழுகிறது என்னும் கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம்.

இக்கட்டுரையில் நாம் நிலைநாட்ட விரும்புவது இதுவே: ஒரு கல்லூரி தன் பட்டதாரிக்குச் செய்யும் கனம், அக்கல்லூரி எதற்காக நிறுவப்பட்டதென்பதை வெளிப்படுத்துகிற பொதுச் சாட்சியாகும். சாட்சி சொன்னவர் அச்சாட்சிக்குப் பொறுப்பாளியாவார். அது சோதிக்கப்படும் நாளில் அதன் பக்கமாக நிற்கவும், அது பிழையென்று தெளிவாகும் நாளில் அதனைத் திருத்தவும் அவர் கடமைப்பட்டவர்.

1. மூவகைச் சிறப்புகள்

பல்கலைக்கழகம் ஒருவருக்கு வழங்கக்கூடிய சிறப்புகள் மூன்று. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளுதல் ஆகாது.

முதலாவது, தேர்வின் வழியாக வரும் பட்டம். இன்னார் இன்னின்ன பாடங்களைக் கற்றுத் தேறினார் என்று அது சான்றளிக்கிறது. அதன் நோக்கு வருங்காலத்தைப் பற்றியது. இனி இவர் இப்பணியைச் செய்யலாம் என்று அது உலகுக்கு அறிவிக்கிறது. செய்வாரா என்பதைப் பற்றி அது ஒன்றும் கூறுவதில்லை.

இரண்டாவது, கல்வியும் தேர்வுமின்றி வழங்கப்படும் கௌரவப் பட்டம். இவ்வகையில் நமக்குத் தெரியவரும் மிகப் பழைய பட்டம், 1470-களின் இறுதியில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் லயனல் உட்வில் என்பவருக்கு அளித்ததாகும். அவர் எக்ஸிட்டர் பேராலயத்தின் தலைமைக் குரு. பின்னர் சாலிஸ்பரியின் பேராயரானவர். அவர் அந்நாளைய அரசர் நான்காம் எட்வர்டின் மைத்துனருமாவார். அரண்மனையின் தயவை நாடி அப்பட்டம் அளிக்கப்பட்டது என்று கருத இடமுண்டு. ஆங்கிலேயரின் அமெரிக்கக் குடியேற்றங்களில் முதன்முதலாகக் கௌரவப் பட்டம் வழங்கிய கல்லூரி ஹார்வர்டு. 1692-இல் அது இறையியல் டாக்டர் பட்டத்தை இன்கிரீஸ் மேதர் என்னும் போதகருக்கு அளித்தது. அவர் அக்கல்லூரியின் பட்டதாரி என்பதோடு, அவ்வேளையில் அதன் தலைவராகவும் இருந்தார். ஆகவே இவ்வழக்கத்தின் தொடக்கத்திலேயே இரண்டு சோதனைகள் ஒட்டிக்கொண்டதை நாம் காண்கிறோம். ஒன்று, அதிகாரத்தின் தயவைத் தேடுதல். மற்றொன்று, நிறுவனம் தன்னைத்தானே பாராட்டிக்கொள்ளுதல்.

இக்காரணங்களைக் கருதியே சில நிறுவனங்கள் கௌரவப் பட்டத்தை அறவே விலக்கின. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை நிறுவிய வில்லியம் பார்ட்டன் ராஜர்ஸ், இத்தகைய பட்டம் பொய்யான தகுதிக்கும் ஆரவாரப் புகழுக்கும் இடும் பிச்சை போன்றது என்று கருதினார்; அக்கழகம் கௌரவப் பட்டம் வழங்குவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகம் 1886-இல் இரண்டே பேருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியதோடு அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது.

மூன்றாவது, நாம் இங்கு ஆராயும் முன்னாள் மாணவர் விருது. இது பட்டமன்று. பெயருக்கு முன் ஒட்டிக்கொள்ள இதனால் எழுத்தொன்றும் கிடைப்பதில்லை. தான் கற்பித்த ஒருவர் கற்றதைக்கொண்டு என்ன செய்தார் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பிப் பார்த்து நிறுவனம் சொல்லும் வார்த்தை இது. முதற்பட்டம் வருங்காலத்தைப் பற்றிய நம்பிக்கை. இவ்விருதோ கடந்த காலத்தைப் பற்றிய சாட்சி. மேலும், கௌரவப் பட்டம் அந்நியருக்கும் கொடுக்கப்படலாம். இவ்விருது தன்னிடம் வளர்ந்தவருக்கு மட்டுமே உரியது. ஆகையால் இதை வழங்கும்போது நிறுவனம் தன்னுடைய கல்வியையும் சேர்த்தே மதிப்பிடுகிறது. இன்னாரைப் போன்றவர்களை உருவாக்கவே தோன்றினோம் என்று அது அறிக்கையிடுகிறது.

2. சொற்கள் கற்பிப்பது

நமது வேதாகமத் தமிழில் இச்செயலுக்குரிய சொல் 'கனம்'. கனம் என்பது பாரம் என்றும் பொருள்படும். எபிரேய மொழியிலும் இவ்வாறே. மகிமையையும் கனத்தையும் குறிக்கும் 'காபோட்' என்னும் சொல், பாரமாயிருத்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. தாய் தகப்பனைக் குறித்த கட்டளையில் வரும் வினைச்சொல்லும் இவ்வேரினதே. ஒருவரைக் கனம்பண்ணுவதென்றால், அவருக்குரிய எடையை அவருக்குக் கொடுத்தல். அவருடைய வாழ்வைப் பதர்போல் ஊதித்தள்ளாமல், பாரமுள்ளதாக ஏற்றுக்கொள்ளுதல். பாரமான பொருளைச் சுமப்பவர் அதன் பாரத்தை உணர்வார். அதுபோலவே பிறரைக் கனம்பண்ணுகிறவர்மீதும் ஒரு பாரம் ஏறுகிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய 'தீமே' நம்மை வேறொரு திசையில் எச்சரிக்கிறது. ரோமர் 13:7-இல் கனம் என்று பொருள்படும் அச்சொல்லே, அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தில் அனனியா விற்ற நிலத்தின் விலையைக் குறிக்கிறது. மத்தேயு 27:6-இல் யூதாஸ் திரும்பக் கொண்டுவந்த வெள்ளிக்காசுகளின் இரத்தக் கிரயத்தையும் குறிக்கிறது. கனமும் விலையும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. கனம் எளிதில் விலையாக மாறிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டுவதில்லை.

தமிழிலுள்ள மற்றொரு சொல்லையும் நோக்குவோம். 'மதிப்பு' என்பதும் 'மதிப்பெண்' என்பதும் ஒரு வேரினவே. மதித்தல் என்பது அளத்தலும் ஆகும், போற்றுதலும் ஆகும். இளமையில் கல்லூரி தன் மாணவருக்கு மதிப்பெண் இடுகிறது. முதுமையில் அவருக்கு மதிப்புச் செய்கிறது. இவ்விரண்டு அளவுகளும் ஒன்றேதானா? வகுப்பில் முதலிடம் பெற்றவரே வாழ்விலும் முதலிடம் பெற்றவராகத் தோன்றினால், அக்கல்லூரி நாற்பது ஆண்டுகளில் புதிதாக ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை என்று நாம் ஐயுறலாம்.

3. வழக்கிலுள்ள அளவுகோல்கள்

பல்கலைக்கழகங்கள் இவ்விருதுகளுக்குக் கைக்கொள்ளும் அளவுகோல்களை நான்காக வகுக்கலாம். முதலாவது, உயர்ந்த பதவி: அமைச்சர், நீதிபதி, துணைவேந்தர், பேராயர். இரண்டாவது, தேடிய செல்வமும், அதிலிருந்து கல்லூரிக்குத் திரும்பிவந்த நன்கொடையும். மூன்றாவது, ஆய்வுத்துறையில் புதிய அறிவைச் சேர்த்தல். நான்காவது, பிறருக்குச் செய்த தொண்டு.

ஒவ்வொரு நிறுவனமும் தான் தேர்ந்த அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நேர்மை. எடுத்துக்காட்டாக, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1956-இல் தன் பட்டதாரிகளுக்காக ஏற்படுத்திய விருதுக்கு உட்ரோ வில்சனின் பெயரைச் சூட்டியது. நாட்டுக்குத் தொண்டாற்றுவதே அப்பல்கலைக்கழகத்தின் கடமை என்று 1896-இல் அவர் ஆற்றிய உரையே அதற்கு அடிப்படை. அளவுகோல் இங்கே தெளிவாக இருந்தது. ஆயினும், பெயர் சூட்டப்பட்டவரே பின்னாளில் அளக்கப்பட்டார். கறுப்பின மக்களை அரசுப்பணிகளில் பிரித்து ஒதுக்கிய அவருடைய ஆட்சியைக் கருத்திற்கொண்டு, 2020-இல் அப்பல்கலைக்கழகம் தனது பொதுக்கொள்கைப் பள்ளியின் பெயரிலிருந்து அவர் பெயரை நீக்கிற்று. அளவுகோலைத் தூக்கிப் பிடிப்பவர் அதே கோலால் அளக்கப்படுவதற்கும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முதலிரண்டு அளவுகோல்களும் பார்ப்பதற்கு எளியவை. பதவியும் செல்வமும் தாமே தம்மை அறிவித்துக்கொள்ளும். மூன்றாவதை அறிய அறிஞர் குழு போதும். நான்காவதோ தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. தொண்டு செய்பவர் தொலைவில் இருப்பார். அவரால் பயன்பெற்றோர் விண்ணப்பப் படிவம் நிரப்ப அறியாதவராயிருப்பர். ஆதலால், கல்லூரி தானே எழுந்து சென்று பார்த்தாலன்றி இக்கனம் உரியவரைச் சேர்வதில்லை. அப்படிச் சென்று பார்த்த ஒரு கல்லூரியை இனிக் காண்போம்.

4. வேலூரின் அளவுகோல்

கௌரவப் பட்டத்தை விலக்கியதென்று மேலே குறிப்பிட்ட கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றவர் ஐடா ஸ்கடர் அம்மையார். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆற்காட்டு மிஷனைச் சேர்ந்த குடும்பத்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் பிரசவ வேதனையிலிருந்த தங்கள் பெண்களுக்காக அவரை அழைக்க வந்ததும், ஆண் மருத்துவரை அனுமதிக்க இயலாமையால் அம்மூவரும் மடிந்ததும், அவரை மருத்துவக் கல்விக்குத் திருப்பிய நிகழ்ச்சியாக நாம் அறிவோம். 1900-இல் அவர் வேலூரில் ஒரு படுக்கையோடு பணியைத் தொடங்கினார். 1902-இல் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப்பள்ளி திறக்கப்பட்டது. 1942-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கான கல்லூரியாக உயர்ந்தது. 1947-இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தனக்கு வைத்துக்கொண்ட குறிக்கோள், மாற்கு 10:45-இல் மனுஷகுமாரன் தமது வருகையைக் குறித்துச் சொன்னதிலிருந்து எடுக்கப்பட்டது. ஊழியங்கொள்வதை விலக்கி ஊழியஞ்செய்வதைத் தெரிந்துகொள்வதே அதன் உட்பொருள். சபைகளின் ஆதரவுடன் சேர்க்கப்படும் மாணவர் படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் தேவை மிகுந்த இடங்களில் பணியாற்றும் ஏற்பாடும் இக்குறிக்கோளிலிருந்தே பிறந்தது.

இக்கல்லூரி தன் பட்டதாரிகளுக்கு ஆண்டுதோறும் வழங்கிவரும் பால் ஹாரிசன் விருது, கிராமப்புற ஏழைகளுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவர்களுக்கு உரியது. இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வேலூரில் பயின்றவர்களுள் உலகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரும், ஆராய்ச்சியாளரும், பெருநகர மருத்துவமனைகளின் தலைவரும் பலர் இருக்கின்றனர். அவர்களைக் கல்லூரி தாழ்வாக எண்ணுவதில்லை. எனினும், அவர்களுக்கு உலகம் கனம்செய்யும். ஊதியமும் செய்தித்தாளும் அதைப் பார்த்துக்கொள்ளும். உலகம் பார்க்காத இடத்தில் உழைத்தவரைப் பார்ப்பது கல்லூரியின் கடமையாயிற்று. பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம். 'நாங்கள் உன்னை எதற்காக அனுப்பினோமோ அதைச் செய்தாய்' என்று சொல்வது கல்லூரி. குறிக்கோளும் விருதும் இங்கே ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

5. விருதுக்குப் பின் வந்த சோதனை

2004-ஆம் ஆண்டில் இவ்விருதைப் பெற்றவர் மருத்துவர் பினாயக் சென். வேலூரில் மருத்துவப் பட்டமும் குழந்தை மருத்துவத்தில் மேற்பட்டமும் பெற்ற அவர், சில காலம் புதுதில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின், மத்திய இந்தியாவின் கிராமங்களை நோக்கிச் சென்றார். பிலாய் எஃகு ஆலைக்கு இரும்புத்தாது தோண்டும் தல்லி ராஜஹரா என்னும் ஊரில், சுரங்கத் தொழிலாளர் தங்கள் சொந்த உழைப்பாலும் பணத்தாலும் எழுப்பிய ஷஹீத் மருத்துவமனை உருவாவதற்குத் துணைநின்றார். 1977-இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்த தொழிலாளரின் நினைவாக எழுந்த மருத்துவமனை அது, 1983-இல் திறக்கப்பட்டது. பின்னர் அவரும் அவருடைய மனைவியார் இலினா சென் அவர்களும் 'ரூபாந்தர்' என்னும் அமைப்பின் வழியாகச் சத்தீஸ்கரின் பழங்குடிக் கிராமங்களில் சுகாதார ஊழியரைப் பயிற்றுவித்தனர். மலேரியாவும் காசநோயும் பசியும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும் இடங்கள் அவை. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், அந்நோய் வரக் காரணமான பசியையும் அநீதியையும் குறித்து அவர் பேசினார். மக்கள் குடியுரிமைக் கழகத்தின் மாநிலப் பொறுப்பையும் ஏற்றார்.

விருது பெற்று மூன்றாண்டுகள் சென்றபின், 2007 மே 14-இல் அவர் கைதுசெய்யப்பட்டார். சிறையிலிருந்த மாவோயிஸ்ட்டு முதியவர் ஒருவரை அவர் பலமுறை சந்தித்தாரென்றும், அவரது கடிதங்களை வெளியே கொண்டுசென்றாரென்றும் குற்றம் சாட்டப்பட்டது. சிறை அதிகாரிகளின் அனுமதியுடன், அக்கைதியின் உடல்நிலையைக் கருதியே சந்தித்ததாகக் கூறிக் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஈராண்டுச் சிறைவாசத்திற்குப் பின் 2009 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது. 2010 டிசம்பர் 24-இல், கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின நாளில், ராய்ப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் இராஜதுரோகக் குற்றத்திற்காக அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2011 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் பிணை வழங்கியது. ஒருவர் ஓர் இயக்கத்தின்மீது அனுதாபம் உடையவராயிருப்பதாலோ, அதன் பிரசுரங்களை வைத்திருப்பதாலோ இராஜதுரோகி ஆகிவிடமாட்டார் என்னும் கருத்தை நீதிபதிகள் அப்போது வெளியிட்டனர்.

வழக்கில் தீர்ப்பு எழுதுவது நமது வேலையன்று. அரசியற் கருத்துகளில் அவரோடு ஒன்றுபடாதவர் நம் வாசகருள்ளும் இருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி கல்லூரியைப் பற்றியது. 2004-இல் கொடுத்த சாட்சிக்கு 2007-இல் என்ன நேர்ந்தது? அரசு குற்றவாளியென்று அழைத்த ஒருவரைக் 'கிராமத்து ஏழைகளுக்காக வாழ்ந்தவர்' என்று தான் அழைத்ததைக் கல்லூரி திரும்பப் பெறவில்லை. வேலூரில் பயின்ற மருத்துவர் பலர் அவருக்காக வெளிப்படையாகக் குரல்கொடுத்தனர். 2008-இல் அவர் சிறையிலிருக்கையில், உடல்நலத்தையும் மனித உரிமைகளையும் இணைத்துப் பணிபுரிவோர்க்குரிய ஜானத்தன் மான் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொள்ள அவரை விடுவிக்குமாறு நோபல் பரிசு பெற்ற 22 பேர் இந்திய அரசுக்கு எழுதினர். ஆனால் உலகம் அவரை அறியுமுன்னரே அவரை அறிந்து சொன்னது அவர் படித்த கல்லூரி. புகழ் வந்தபின் கொடுக்கப்படும் விருது புகழின் எதிரொலி. புகழுக்கு முன் கொடுக்கப்படுவதே சாட்சி.

6. திருமறையில் கனமும் சங்கிலியும்

அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன்வேலையாட்களைக் கனம்பண்ணும் முறை இங்கு நமக்கு வழிகாட்டும். பிலிப்பியர் 2:25-30-இல் எப்பாப்பிரோதீத்துவைத் திரும்ப அனுப்பும்போது, இத்தகையோரைக் கனமாய் எண்ணவேண்டுமென்று சபைக்கு எழுதுகிறார். எப்பாப்பிரோதீத்து செய்தது என்ன? சபை கொடுத்த உதவியைச் சிறையிலிருந்தவருக்குக் கொண்டுசென்றார்; வழியிலோ சென்ற இடத்திலோ நோயுற்று மரணத்திற்குச் சமீபமானார். அவருக்குப் பதவியொன்றும் குறிக்கப்படவில்லை. ஊழியத்திற்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தார் என்பதே அவருக்குரிய தகுதி. அவரை அனுப்பிய சபையே அவரைக் கனம்பண்ண வேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. அனுப்பியவர்களுக்கே, அனுப்பப்பட்டவர் என்ன செய்தார் என்று அறிந்து பாராட்டும் கடமை உண்டு.

ரோமர் 16-ஆம் அதிகாரத்தின் பட்டியலையும் நாம் அவசரமாகக் கடந்துவிடலாகாது. அங்கே கெங்கிரேயா சபையின் பெபேயாள் முதலிடம் பெறுகிறார். மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய நால்வரைப் பற்றியும் பவுல் பயன்படுத்தும் வினைச்சொல் ஒன்றே. களைப்படையும் மட்டும் பாடுபடுதல் என்பது அதன் பொருள். தம் அப்போஸ்தல ஊழியத்தைக் குறிக்கவும் அவர் அதே சொல்லையே பிறவிடங்களில் ஆளுகிறார். இப்பட்டியலில் உழைப்பே அளவுகோல். நால்வரும் பெண்கள் என்பது, நமது விழா மேடைகளில் இதுவரை அமர்ந்தோரின் பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்க்கும்படி நம்மைத் தூண்ட வேண்டும்.

2 தீமோத்தேயு 1:16-18-இல் ஒநேசிப்போரு நினைவுகூரப்படுகிறார். அவர் பவுலின் சங்கிலியைக் குறித்து வெட்கப்படாமல், ரோமாபுரியில் அவரைத் தேடிக் கண்டடைந்தார். சிறைப்பட்டவரை அறிவேன் என்று சொல்வதும் ஆபத்தான காலம் அது. ஆசியாவிலிருந்தவர்கள் விலகிப்போனதை அதற்கு முந்தின வசனம் குறிப்பிடுகிறது. பவுலைப் போற்றினவர்கள் முன்னர் பலராயிருந்திருப்பர். சங்கிலி வந்தபின் தேடிவந்தவர் இவர். பாராட்டுக்கும் சாட்சிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு வசனங்களும் நமக்குக் காட்டிவிடுகின்றன.

7. எழக்கூடிய இரு தடைகள்

முதல் தடை: மனிதர் காண நற்செயல் செய்வதைக் குறித்து மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எச்சரிக்கவில்லையா? கட்டளையிட்டதைச் செய்து முடித்த ஊழியக்காரன் தன்னை எப்படி எண்ணவேண்டுமென்று லூக்கா 17:10 கற்பிக்கவில்லையா? மெய்தான். ஆனால் இப்பகுதிகள் கனத்தைத் தேடுகிறவனை நோக்கிப் பேசுகின்றன. கனத்தைச் செலுத்துகிறவனுக்குரிய கட்டளை ரோமர் 12:10-இலும் 13:7-இலும் உள்ளது. தன்னைக் குறித்து மௌனம் காப்பது ஊழியரின் கடமை. அவரைக் குறித்து மௌனம் காப்பது சபையின் நன்றிகேடு. இவ்விரண்டையும் குழப்பி, தாழ்மை என்னும் பெயரால் நாம் பல உபதேசியார்களையும் வேதாகமப் பெண்மணிகளையும் மறந்தே போனோம். கனத்தைத் தேடித் தானே விண்ணப்பம் அனுப்பும் வழக்கத்தை மட்டும் இப்பகுதிகள் அறவே தடுக்கின்றன.

இரண்டாம் தடை இதனினும் கடினமானது. கனம்பெற்றவர் பின்னர்க் குற்றவாளியென்று தெளிவானால் என்ன செய்வது? மனவளர்ச்சி குன்றியோருடன் இணைந்து வாழும் 'லார்ஷ்' இல்லங்களை 1964-இல் பிரான்சில் தொடங்கிய ழான் வனியே உலகெங்கும் போற்றப்பட்டவர். பல்கலைக்கழகங்கள் பல அவருக்குக் கனம்செய்தன. 2019-இல் அவர் மறைந்தார். ஆன்மீக வழிநடத்துதல் என்னும் பெயரால் அவர் பெண்களைப் பாலியல் முறையில் இழிவுபடுத்தினார் என்பதை லார்ஷ் அமைப்பே நடத்திய விசாரணை 2020-இல் வெளிப்படுத்தியது. 2023-இன் விரிவான அறிக்கை, இவ்வாறு பாதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 25 பேர் என்று கூறிற்று. அமெரிக்காவின் நோத்ரு டாம் பல்கலைக்கழகம் முதலியவை தாம் கொடுத்த விருதுகளைத் திரும்பப் பெற்றன.

வேலூர்ச் செய்தியையும் இச்செய்தியையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது உண்மை ஒன்று விளங்கும். எப்போதும் ஒட்டிக்கொண்டிருப்பதும் சாட்சியன்று. அரசோ பத்திரிகையோ கூச்சலிட்டவுடன் கைவிடுவதும் சாட்சியன்று. யாருடைய வார்த்தையைக் கேட்டு நாம் நிற்கிறோம் அல்லது விலகுகிறோம் என்பதே கேள்வி. ஒருவரின் கையில் வலிமையின்றி இருந்தவர்கள், அதாவது நோயாளிகளும், கீழ்ப்பணியாளரும், அடைக்கலம் தேடிவந்த பெண்களும், அவரைப் பற்றி என்ன சொல்லுகிறார்கள்? அவர்கள் நன்மை சொல்லும்போது அதிகாரம் எதிர்த்தாலும் நிற்போம். அவர்கள் கண்ணீரோடு தீமை சொல்லும்போது உலகமே புகழ்ந்தாலும் விலகுவோம். விருது வழங்குமுன் இவர்களிடம் கேட்டறிவதே, வழங்கியபின் வெட்கப்படாதிருக்கும் வழி.

8. நமது கல்லூரிகள் செய்யத்தக்கவை

இறையியற் கல்லூரிக்கு இவை யாவும் எவ்வகையில் பொருந்தும்? நமது நிலையில் கனத்தின் விலைப்பேச்சு ஏற்கெனவே நுழைந்துவிட்டது. பணம் பெற்றுக்கொண்டு கௌரவ டாக்டர் பட்டம் அளிக்கும் அமைப்புகளும், அவற்றைப் பெற்றுச் சுவரொட்டிகளில் பெயருக்கு முன் எழுதிக்கொள்ளும் ஊழியரும் நம் ஊர்களில் அரியவரல்லர். 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக்குழுச் சட்டத்தின்படி, சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களே பட்டம் வழங்கலாம். செராம்பூர்க் கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் அரசரின் சாசனமும் 1918-இல் வங்காளச் சட்டமன்றத்தின் சட்டமும் அவ்வதிகாரத்தை அளித்தன. மெய்யான கனத்தைச் சபை கொடாத இடத்தில் பொய்யான கனத்துக்குச் சந்தை உண்டாகிறது. ஆகவே கண்டித்தல் மட்டும் போதாது. உரியவருக்கு உரியதைச் செய்யும் வழக்கத்தை நாம் நிலைநாட்ட வேண்டும். அதற்காகச் சில எண்ணங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, நமது கல்லூரி எதற்காக நிறுவப்பட்டது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, அவ்வாக்கியத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல். ஆயரை உருவாக்க எழுந்த கல்லூரி பேராயரை மட்டும் பாராட்டுமாயின், அது தன் நோக்கத்தை மறந்துவிட்டது.

இரண்டாவது, விண்ணப்பம் கேட்பதை விடுத்துத் தேடிச் செல்லுதல். தேர்வுக்குழுவில் ஒருவரேனும் அந்த ஊழியர் பணியாற்றிய ஊருக்குச் சென்று, சபையாரோடும், சபைக்குப் புறம்பேயுள்ள அயலாரோடும், முன்னர் அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவரோடும் பேசுதல் வேண்டும்.

மூன்றாவது, பாராட்டுரையைச் செயல்களால் நிரப்புதல். 'ஒப்பற்ற தலைவர்', 'தன்னலமற்ற தியாகி' போன்ற அடைமொழிகள் எவருக்கும் பொருந்தும். ஆகையால் எவருக்கும் பொருந்துவதில்லை. எத்தனை ஆண்டுகள், எந்தச் சேரியில், எந்த இரவுப்பள்ளியில், எந்த வழக்கில் யாருக்காக நின்றார் என்று எழுதினால், அவ்வுரை மாணவருக்குப் பாடமாகும்.

நான்காவது, உயிரோடிருக்கையில், இயன்றால் ஓய்வுபெறு முன்னரே செய்தல். இறந்தபின் எழுதும் இரங்கலுரைக்குப் பதில்சொல்ல அவரால் இயலாது. நம்மைத் திருத்தவும் இயலாது. மேலும், தொலைவில் தனித்து உழைப்பவருக்கு, தன்னை அனுப்பிய வீடு தன்னை மறக்கவில்லை என்னும் செய்தி எஞ்சிய ஆண்டுகளுக்குப் பெலனாகும்.

ஐந்தாவது, விருதுக்குப் பின்னும் தொடர்பைக் காத்தல். அவருக்கு நோய், வழக்கு, அவதூறு, சிறை எது நேர்ந்தாலும், கல்லூரி விசாரித்தறிந்து, உண்மையின் பக்கம் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். இவ்வுறுதியில்லாத விருது பொன்னாடையோடு முடிந்துபோகிறது.

இறையியல் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கல்லூரி மண்டபத்தின் சுவரில் தொங்கும் படங்களையும் கல்வெட்டுகளையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பட்டமளிப்பு நாளில் உங்களுக்குச் சொல்லப்படும் புத்திமதியைவிட, அந்தச் சுவர் உங்களுக்கு வலிமையாகப் போதிக்கிறது. எப்படிப்பட்டவராக வேண்டுமென்று உங்கள் கல்லூரி மெய்யாகவே விரும்புகிறது என்பதை அதில் வாசிக்கலாம். அங்கே இருக்கவேண்டிய பெயர் இல்லையென்று கண்டால், அப்பெயருக்குரியவரை நீங்களே தேடிச் சென்று, அவருடைய வரலாற்றைக் கேட்டு எழுதி, ஆசிரியரிடம் கொடுங்கள். கனம்பண்ணும் ஊழியம் அங்கிருந்தும் தொடங்கலாம்.